நண்பருடன் மலையேறி மீன்பிடித்தல்: இருவருக்கான முழுமையான வழிகாட்டி

மலையேற்றத்தில் பழகியவரும் தூண்டிலில் கைதேர்ந்தவரும் சேர்ந்து புறப்படும் பயணங்கள்கூடப் பாதியில் குலைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மலைக்கு ஒரு கடிகாரம், மீனுக்கு வேறொரு கடிகாரம். குளிர்நீர் மீன்கள் விடியலிலும் அந்தியிலும் மும்முரமாக இரை தேடுகின்றன. ஒரே நாளில் ஏறி இறங்குபவரோ விடியலில் அடிவாரத்தில் நடந்துகொண்டிருப்பார், அந்தியில் இறங்கி முடித்திருக்க வேண்டும். இடையே எஞ்சும் நண்பகலில் மீன் கொத்துவது அரிது. பிற்பகலில் இடிமேகம் திரள்கிறது.

ஆகவே மலையின் மேல் ஓர் இரவு தங்குவதை அடிப்படையாகக் கொண்டே இவ்வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். கயிறோ பனிக்கோடரியோ தேவைப்படாத நடைபாதை, அதன் முடிவில் ஓர் ஏரி அல்லது ஓடை, இரண்டு பேர், இரண்டு பகல், ஓர் இரவு என்பதே இதன் எல்லை. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வேண்டியதைத் தயார் செய்கிறது.

1. மீன் இருக்கும் நீரைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் வரைபடத்தில் அழகாகத் தெரியும் ஏரியை முதலில் முடிவு செய்துவிட்டு, மீன் இருக்குமா என்று பிறகு யோசிக்கிறார்கள். உயரமான மலை ஏரிகள் பலவற்றில் மீனே கிடையாது. கீழே உயரமான அருவி இருந்தால் மீன் தானாக மேலேறி வர முடியாது. யாரேனும் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டிருந்தால்தான் உண்டு. ஆழம் மிகக் குறைந்த ஏரியில், நீண்ட குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்து நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் இருந்த மீனும் மடிந்துவிடக்கூடும்.

எனவே அந்த நீர்நிலையை நிர்வகிக்கும் அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: எந்த மீன் இருக்கிறது, இந்த மாதத்தில் பிடிக்கலாமா, எத்தனை மீனை, எந்த அளவுக்கு மேல் எடுத்துவரலாம். மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முட்டையிடும் பருவத்தில் தடை இருப்பது வழக்கம். அந்தப் பருவமும் மீனுக்கு மீன் மாறும். குளிர்நீர் மீனான டிரவுட்டில், பழுப்பு டிரவுட் இலையுதிர் காலத்தையொட்டி முட்டையிடும். வானவில் டிரவுட் பெரும்பாலும் வசந்தத்தில் முட்டையிடும்.

மீன்பிடி உரிமம், வனப்பகுதிக்குள் நுழையும் அனுமதி, இரவு தங்கும் அனுமதி, நெருப்பு மூட்டும் அனுமதி ஆகியவை பல இடங்களில் தனித்தனியானவை. ஒன்று கையில் இருந்தால் மற்றவையும் அதில் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். உரிமம் ஆளுக்கு ஒன்று. நண்பரின் உரிமத்தில் நீங்கள் தூண்டில் போட முடியாது.

2. நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுதல்

புறப்படும் நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்குவதே முதல் பிழை. அந்தியில் தூண்டில் நீரில் விழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

நடைநேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: சமதளத் தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பாதை 9 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால் தூரத்துக்கு 1 மணி 48 நிமிடம், உயரத்துக்கு 1 மணி 30 நிமிடம், ஆக 3 மணி 18 நிமிடம். இது நல்ல உடற்கட்டுள்ளவர் நிற்காமல் நடக்கும் நேரம். இரவு தங்கும் சுமையோடு, ஓய்வையும் சேர்த்து, நான் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்கிறேன். ஏறக்குறைய 5 மணி நேரம் வருகிறது.

மாலை 5 மணிக்குத் தூண்டில் போட வேண்டுமானால் கூடாரம், தண்ணீர், உணவு ஆகியவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிற்பகல் இடிமழைக்கு முன்பே திறந்த முகடுகளைக் கடந்திருக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காலை 7 மணிக்குப் புறப்பட்டு நண்பகலில் சேர்வது சரியாக அமையும். இடையே கிடைக்கும் பிற்பகல் நேரம் வீணன்று. அது உறங்குவதற்கும் நீரைப் பார்த்துவைப்பதற்கும் உரியது.

கூடவே ‘திரும்பும் நேரம்’ ஒன்றையும் எழுதிவைக்க வேண்டும். மேற்சொன்ன திட்டத்தில் அது பிற்பகல் 2 மணி. அதற்குள் ஏரி கண்ணில் படவில்லையென்றால் அங்கிருந்து இறங்கிவிட வேண்டும். களைத்த மூளை நேரத்தைத் தனக்குச் சாதகமாகக் கணக்கிடும் என்பதால்தான் இதை வீட்டிலேயே எழுதச் சொல்கிறேன்.

இந்தத் திட்டத்தின் ஒரு பிரதியை ஊரில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அதில் குறித்துவிடுங்கள்.

3. நண்பருடன் முன்கூட்டியே பேசி முடித்தல்

மலையில் எழும் மனத்தாங்கல்களில் பாதி, அடிவாரத்தில் பேசாமல் விட்டவை. நான்கு விஷயங்களை வாய்விட்டுப் பேசிவிட வேண்டும்.

முதலாவது, திரும்பும் உரிமை. இருவரில் ஒருவர் ‘திரும்பிவிடலாம்’ என்று சொன்னால் மற்றவர் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும். காரணம் கேட்டால் விவாதம் வரும். விவாதத்தில் வெல்வது வாய்த்திறன் உள்ளவரே தவிர, சரியாகக் கணித்தவர் அல்லர்.

இரண்டாவது, உடல்நிலை. ஒவ்வாமை, ஆஸ்துமா, முழங்கால் வலி, தினமும் உட்கொள்ளும் மருந்து, அந்த மருந்து பையின் எந்த அறையில் இருக்கிறது என எல்லாவற்றையும் நண்பர் அறிந்திருக்க வேண்டும். நீச்சல் தெரியுமா என்பதும் இந்தப் பட்டியலில் சேரும்; பல ஆண்டு பழகிய நண்பருக்கு நீச்சல் தெரியாது என்பதை ஓடைக்கரையில்தான் நான் அறிந்தேன்.

மூன்றாவது, மீன் கணக்கு. உண்பதற்காகப் பிடிக்கிறீர்களா, பிடித்து விடப்போகிறீர்களா, எத்தனையோடு நிறுத்துவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காவது, பிரியாமல் நடப்பது. ஒருமுறை அடுப்பும் பாத்திரமும் என் பையில் இருந்தன. எரிவாயுக் குப்பியும் தீப்பெட்டியும் நண்பரின் பையில் இருந்தன. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் இடப்பக்கம் திரும்பியதை நான் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துச் சந்தித்தபோது இருவருமே மழையில் நனைந்திருந்தோம். அவ்வளவு நேரமும் இருவரில் ஒருவராலும் வெந்நீர்கூட வைத்திருக்க முடியாது. அன்று முதல் நான் மாற்றாத விதி இரண்டு: மெதுவாக நடப்பவர் முன்னே செல்ல வேண்டும், பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் இருவரும் சேர்ந்து நின்ற பிறகே நகர வேண்டும்.

4. மூட்டை கட்டுதல்

மூட்டையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டியவை, இருவருக்கும் பொதுவானவை, மீன்பிடிக் கருவிகள்.

ஆளுக்கு ஒன்று: மழைச்சட்டை, வெப்ப உடை, உறங்கும் பை, தலைவிளக்கு, மாற்று பேட்டரி, ஊதல், தண்ணீர்க் குடுவை, லைட்டர், வரைபடப் பிரதி, ஒரு வேளைக்கான கூடுதல் உணவு. பிரிய நேர்ந்தாலும் ஒருவர் தனியே ஓர் இரவைக் கடக்கத் தேவையானவை இவை. எடை குறைக்கும் ஆர்வத்தில் ‘இருவருக்கும் ஒரு விளக்கு போதும்’ என்று முடிவெடுப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். இருட்டில் ஒருவர் மீனைச் சுத்தம் செய்ய, மற்றவர் கூடாரத்துக்குப் போக வேண்டியிருக்கும்போது அதன் விலை தெரியும்.

பொதுவானவை: கூடாரம், அடுப்பு, எரிவாயு, பாத்திரம், தண்ணீர் வடிகட்டி, முதலுதவிப் பெட்டி. இவற்றை எடை பார்த்துப் பிரியுங்கள். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் முழங்கால்கள் தாங்கும். கனமான பொருள்கள் பையின் நடுவில், முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வெளிப்புறம் தள்ளி வைத்தால் ஒவ்வோர் அடியிலும் பை உங்களைப் பின்னோக்கி இழுக்கும்.

உடைகளில் பருத்தியைத் தவிருங்கள். நனைந்த பருத்தி எளிதில் உலராமல் உடல் வெப்பத்தை உறிஞ்சும். மீன்பிடிப்பவர் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கிறார், கையும் காலும் நனைகின்றன. ஆகவே வெறுமனே மலையேறுபவரைவிட ஓர் அடுக்கு கூடுதலாக அவருக்குத் தேவை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தின் வெயிலைப் பார்த்து உடை எடுப்பவர் அந்தியில் நடுங்குவார்.

மீன்பிடிக் கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து துண்டாகக் கழற்றக்கூடிய, 6 முதல் 7 அடி நீளமுள்ள கோல், 1000 அல்லது 2000 அளவுள்ள ரீல் (நரம்பைச் சுற்றிவைக்கும் உருளை), 0.18 முதல் 0.20 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பு (தங்கூசி), 3 முதல் 7 கிராம் எடையுள்ள சுழலும் உலோக இரைகள் நான்கைந்து, 8 முதல் 12 எண் வரையிலான தூண்டில் முட்கள் சில, இரண்டு தக்கை, ஒரு குறடு, ஒரு சிறு கத்தி. இவ்வளவு போதும். நரம்பை மூழ்கவைக்கும் குண்டுகளை ஈயத்தில் வாங்க வேண்டாம். தொலைந்துபோகும் ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி மடிகின்றன, அதனாலேயே சில நாடுகள் அவற்றைத் தடை செய்திருக்கின்றன.

போலரைஸ்டு கண்ணாடி ஆடம்பரமன்று. அது நீரின் பளபளப்பை அகற்றி உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. பறந்துவரும் முள்ளிலிருந்தும் உயரத்தின் கடும் புறஊதாக் கதிரிலிருந்தும் கண்ணைக் காக்கிறது.

கோலைக் கெட்டியான குழாயில் இட்டுப் பையின் பக்கவாட்டில் கட்டுங்கள். குழாயின் மேல்முனை தலைக்கு மேல் நீண்டிருந்தால் ஒவ்வொரு கிளையிலும் மாட்டும்.

5. வீட்டில் ஒத்திகை

மேலே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போட வேண்டாம். குளிரில் விரல்கள் மரத்துப்போகும்.

முடிச்சிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு முடிச்சு தெரிந்தால் போதும், ஆனால் இருட்டிலும் போடத் தெரிய வேண்டும். நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் நுழைத்து, பிரதான நரம்பைச் சுற்றி ஐந்து சுற்று சுற்றி, காதை ஒட்டி உண்டாகும் சிறிய கண்ணிக்குள் நுனியைச் செலுத்தி, அதனால் உருவாகும் பெரிய கண்ணிக்குள்ளும் ஒருமுறை நுழைத்து, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். புதியவர்கள் இழக்கும் மீன்களில் பெரும்பாலானவை இந்த ஒரு துளி எச்சிலுக்காக இழந்தவை. அறுந்த நுனி சுருண்டு, பன்றிவால் போல இருந்தால் முடிச்சுதான் வழுக்கியது என்று அறியலாம்.

மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிமானத்தை, நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு இழுப்புக்கு இளகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பது எளிதாகும். உங்கள் விரலில் ஏறினாலும் தானே வழுக்கி வந்துவிடும்.

கூடாரத்தை ஒருமுறை விரித்துக் கட்டுங்கள், அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், புதிய காலணியைக் குறைந்தது இரண்டு வாரம் அணிந்து நடங்கள்.

6. ஏறுதல்

முதல் அரை மணி நேரம் இயல்பைவிட மெதுவாக நடக்க வேண்டும். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே வேகத்தின் அளவுகோல். சொற்கள் துண்டு துண்டாக வந்தால் நண்பரிடம் சொல்லி வேகத்தைக் குறையுங்கள். ஐம்பது நிமிட நடை, ஐந்து நிமிட ஓய்வு என்ற ஒழுங்கு நல்லது. நீண்ட ஓய்வு தசைகளைக் குளிரவைக்கும்.

காலில் எங்கேனும் சூடாகத் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று ஒட்டுப்பட்டை ஒட்டிவிடுங்கள். அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்குக் கொப்புளம் வந்துவிடும். அதன் வலி மறுநாள் இறங்கும்போதுதான் முழுமையாகத் தெரியும்.

2,500 மீட்டருக்கு மேல் தங்குவதாக இருந்தால் உயர நோயைக் கணக்கில் கொள்ள வேண்டும். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், மிகையான சோர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதற்கு மேல் ஏறக் கூடாது. குறையாமல் கூடினால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ பேச்சு குழம்பினாலோ ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் இறங்க வேண்டிய அவசரம் அது. மதுவும் உறக்க மாத்திரையும் உயரத்தில் மூச்சை மேலும் மந்தமாக்கும்.

7. ஓடையைக் கடத்தல்

மீன்பிடிப்பவர்களுக்குத் தண்ணீர் பழகிய இடம் என்பதாலேயே இங்கு அலட்சியம் வருகிறது. பனி உருகி ஓடும் ஓடை காலையில் தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் ஓடும். முடிந்தவரை காலையில் கடந்துவிடுங்கள். குறுகலான இடம் ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். அகன்று, பல கிளையாகப் பிரிந்து, சலசலத்து ஓடும் இடமே கடக்க ஏற்றது.

இறங்கும் முன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். பூட்டிய பை ஆளைக் குப்புற அழுத்திவிடும். நீரோட்டத்தை எதிர்நோக்கி, ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஓர் அடியாக நகர வேண்டும். வேகமாக ஓடும் நீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். வெறுங்காலோடு கடக்க வேண்டாம்.

8. தூண்டிலைத் தொடும் முன் முகாமை முடித்தல்

ஏரியை அடைந்ததும் மீன் துள்ளும் வட்டங்கள் நீரில் விரியும். பையை இறக்கிப்போட்டுவிட்டுக் கோலைக் கையில் எடுக்காதவர் அரிது. இருட்டிய பிறகு, நனைந்த கைகளோடு கூடாரம் கட்ட நேர்வது இந்தப் பிழையினால்தான். முகாம் முடியும்வரை கோலின் குழாயைத் திறப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கூடாரம் நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நீர் மாசுபடாது, விலங்குகள் நீருக்கு வரும் வழி அடைபடாது, குளிர்காற்று தேங்கும் பள்ளத்திலிருந்தும் விலகியிருப்பீர்கள். தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்கவில்லை என்பதையும், மேட்டிலிருந்து கல் உருண்டுவரும் தடம் இல்லை என்பதையும் பாருங்கள்.

குடிநீரைக் கொதிக்கவைக்கும்போது, தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் நீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. 3,000 மீட்டரில் ஏறக்குறைய 90 டிகிரியில். சமையலுக்கும் அதிக நேரமும் எரிவாயுவும் ஆகும் என்பதை எரிவாயுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. நீரைப் படித்தல்

இந்தப் படியில் அவசரப்படுபவரே அதிகம். பொறுமை இங்கு பலன் தருவதுபோல வேறெங்கும் தருவதில்லை. பிற்பகலில் கோல் இல்லாமல் இருவரும் ஏரியை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

மலை ஏரி பெரும்பாலும் வெறுமையானது. ஏரியின் எல்லா இடத்திலும் மீன் பரவி நிற்பதில்லை. ஓடை ஏரிக்குள் விழும் வாய் முதலாவது இடம்: குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரோடு பூச்சிகளையும் புழுக்களையும் ஓடை கொண்டுவந்து கொட்டுகிறது. நீர் வெளியேறும் வாய் இரண்டாவது: ஏரியில் மிதப்பவை எல்லாம் அங்கு வந்து குவிகின்றன. மூன்றாவது, ஆழமற்ற வெளிர்நீர் சட்டென்று கருநீலமாக மாறும் விளிம்பு. இரை ஆழமற்ற பக்கத்தில் கிடைக்கிறது, ஒளிந்துகொள்ள ஆழம் பக்கத்திலேயே இருக்கிறது. நான்காவது, காற்று மோதும் கரை. முகத்தில் காற்று அடிப்பதால் புதியவர்கள் அதைத் தவிர்த்து, அமைதியான கரைக்குப் போய்விடுகிறார்கள். நீரில் விழுந்த பூச்சிகளைக் காற்று தள்ளிக்கொண்டு வந்து சேர்ப்பது இந்தக் கரையில்தான்.

ஓடையில் கணக்கு வேறு. மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி, மீனின் வாலுக்குப் பின்னாலிருந்து அணுக வேண்டும். வேகமான நீருக்கு நடுவே நின்றால் மீனுக்கு வலு செலவாகும், தேங்கிய நீரில் நின்றால் இரை வராது. எனவே இரண்டும் உரசும் கோட்டில், பாறையின் பின்னாலுள்ள சுழியின் ஓரத்தில், மடுவின் தலைப்பக்கத்தில் அது நிற்கிறது. நுரை மிதந்துவரும் கோட்டைக் கவனித்தால் இரை வரும் பாதை தெரியும்.

ஒரு மாலையில் நண்பர் இடுப்பளவு பாறையின் மேல் ஏறி நின்று, ஏரியின் நடுவை எட்டும்படி நாற்பது முறை வீசினார். அவருடைய நிழல் கரையோர நீரில் நீண்டு கிடந்தது. அவர் இறங்கிய கால் மணி நேரத்துக்குப் பிறகு, அதே பாறையின் அடியில், கரையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ஒரு மீன் மேலெழுந்து பூச்சியைக் கொத்தியது. நாற்பது வீச்சும் அதன் தலைக்கு மேலாகவே போயிருந்தன. முதல் வீச்சு எப்போதும் கரையோரத்துக்கு. தூரத்து வீச்சு கடைசியில். குனிந்து வாருங்கள், நிழலை நீரில் விழவிடாதீர்கள், காலைத் தரையில் ஓங்கி வைக்காதீர்கள்; அதிர்வை மீன் உடலின் பக்கக்கோட்டால் உணர்கிறது.

10. வீச்சிலிருந்து கரை சேர்ப்பதுவரை

இருவருக்கும் இடையே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கு முன்பும் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். நண்பர் ‘பின்னால் வருகிறேன்’ என்று குரல் கொடுக்காமல் உங்கள் பின்புறம் கடக்கக் கூடாது என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

உலோக இரை நீரில் விழுந்ததும் மூன்று எண்ணும்வரை மூழ்கவிட்டு, தகடு சுழல்வது கோலின் நுனியில் மெல்லிய துடிப்பாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ரீலைச் சுற்றுங்கள். அடுத்த வீச்சில் ஆறு, பிறகு ஒன்பது என எண்ணிக்கையைக் கூட்டினால் மீன் நிற்கும் ஆழம் பிடிபடும். எந்த எண்ணில் கொத்தியது என்பதை நண்பருக்கும் சொல்லுங்கள்.

கொத்தியதும் கோலை உயர்த்தி, நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டால் போதும்; வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய வாய் கிழியும். மீன் ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள், அது நிற்கும்போது சுற்றுங்கள்.

விடப்போகிற மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பான மேலுறையை உரித்து நோய்க்கு வழிவிடும். முடிந்தவரை நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்து, அது தானாக உதறிச் செல்லும்வரை காத்திருங்கள். நீரின் வெப்பம் 20 டிகிரியை நெருங்கினால் டிரவுட் பிடிப்பதையே நிறுத்துங்கள். விட்டாலும் அது பிழைப்பது ஐயம்.

உண்பதற்கான மீனைத் துடிக்கவிடாமல், கண்களுக்குச் சற்றுப் பின்னால் தலையில் ஓங்கி அடித்து உடனே கொன்றுவிடுங்கள். செவுளையும் குடலையும் எடுத்தபின், முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுங்கள். அந்தச் சிறுநீரகத் திசுவும் இரத்தமும் மிஞ்சினால் மீன் சீக்கிரம் கெடும், கசக்கும்.

11. வானத்தைக் கவனித்தல்

கார்பன் இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பவர் தாமே இடிதாங்கியாகிறார். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் கோலைத் தரையில் கிடத்திவிட்டு நீரையும் முகட்டையும் தனிமரத்தையும் விட்டு விலகுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் ஒட்டி நிற்க வேண்டாம். ஒரே மின்னல் இருவரையும் தாக்கினால் உதவி செய்ய யாரும் இருக்க மாட்டார்கள்.

12. காயமும் குளிரும்

முள் தோலில் ஏறி, நசுக்கப்படாத கூர் உள்ளே மாட்டிக்கொண்டால் ஒரு நுட்பம் உண்டு. முள்ளின் வளைவில் தடித்த நரம்பு ஒன்றைக் கண்ணியாக மாட்டி, முள்ளின் காதைத் தோலோடு சேர்த்துக் கீழே அழுத்திக்கொண்டு, முள் நுழைந்த வழியே பின்னோக்கி, தோலுக்கு இணையாகச் சட்டென்று இழுக்க வேண்டும். கண், முகம், கழுத்து, மூட்டு ஆகிய இடங்களில் இதைச் செய்யாதீர்கள்; அசையாதபடி கட்டி, மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

நனைந்தவர் நடுங்கத் தொடங்கி, பொருள்களைக் கைதவறவிட்டு, சொற்களைக் குழப்பினால் உடல் வெப்பம் ஆபத்தான அளவு இறங்குகிறது என்று பொருள். தமக்கு ஒன்றுமில்லை என்றே அவர் சொல்வார், அதை நம்ப வேண்டாம். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்தது அணிவித்து, தரையிலிருந்து பிரிக்கும் விரிப்பின் மேல் உறங்கும் பைக்குள் படுக்கவையுங்கள். நன்கு விழுங்க முடிந்தால் இளஞ்சூடான இனிப்புப் பானம் கொடுங்கள்.

இருவர் பயணத்தின் இக்கட்டு இதுதான்: ஒருவர் அடிபட்டால் மற்றவர் கூட இருப்பதா, உதவி தேடிப் போவதா? தொலைபேசியோ செயற்கைக்கோள் கருவியோ எட்டுமானால் கூடவே இருங்கள். எட்டாவிட்டால், அடிபட்டவரை வெப்பமாக்கி, தண்ணீரும் விளக்கும் ஊதலும் அருகில் வைத்து, இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, பகலில் மட்டும் செல்லுங்கள். மலைகளில் உதவி கேட்கும் அடையாளம் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதல் அல்லது ஒளி, பிறகு ஒரு நிமிட இடைவெளி. நிமிடத்துக்கு மூன்று முறை வந்தால் அது பதில்.

13. இரவு

மீன் வாசனை விலங்குகளைக் கூடாரத்துக்கு அழைத்துவரும். சுத்தம் செய்யும் இடமும் சமைக்கும் இடமும் படுக்கும் இடத்திலிருந்து நூறு அடியாவது விலகியிருக்கட்டும். கரடி உள்ள மலையென்றால் நூறு மீட்டர். மீன் தொட்ட கையைத் துடைத்த துணியும், அந்த மாலையில் அணிந்த மேல்சட்டையும் உணவுப் பையோடு வெளியே போக வேண்டும். குடலை என்ன செய்வது என்பதில் இடத்துக்கு இடம் விதி வேறுபடும்; உரிமம் தருபவரிடமே கேட்டுவிடுங்கள்.

தொலைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து உறங்கும் பைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி விரைவில் சோரும்.

14. விடியலும் இறங்குதலும்

விடியலில் முதல் வெளிச்சத்திலிருந்து இரண்டு அல்லது இரண்டரை மணி நேரமே நல்ல நேரம். முந்தைய மாலை எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கொத்தியதோ அங்கேயே தொடங்குங்கள். புதிய இடம் தேடும் நேரம் இதுவன்று. 8 மணிக்குக் கோலைக் கழற்றிவிட வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு வீச்சு’ என்று நண்பர் கேட்பார், நீங்களும் கேட்பீர்கள். நான் இதற்காக அலைபேசியில் மணி வைத்துக்கொள்கிறேன். மனிதரிடம் வாதாடலாம், மணியிடம் முடியாது.

இறங்குவது எளிது என்ற எண்ணத்தில் கோலை மடக்காமல் கையில் பிடித்தபடி இறங்குபவர்கள் வழுக்கும்போது முதலில் ஒடிவது கோல், அடுத்து மணிக்கட்டு. கோல் குழாய்க்குள், இரைகள் பெட்டிக்குள், ஒரு முள்கூட வெளியே தொங்காமல் இருக்கட்டும். ஊன்றுகோலைச் சில சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு, முழங்காலை லேசாக மடித்து, சிறு அடிகளாக இறங்குங்கள். ஏறிய நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இதற்கு ஆகும்.

மீனைக் கொண்டுவருவதானால் வயிற்றுக்குள்ளிருக்கும் ஈரத்தைத் துடைத்து, நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, காற்றோட்டமாகப் பையின் நிழல் பக்கத்தில் கட்டுங்கள். மூடிய பிளாஸ்டிக் பை மீனைத் தன் சூட்டிலேயே வேகவைத்துவிடும். அடிவாரத்தில் பனிக்கட்டிப் பெட்டி இல்லையென்றால், மேலேயே சமைத்து உண்ணும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள்.

15. வீடு திரும்பிய அன்றே

திட்டத்தின் பிரதியை வைத்திருப்பவருக்கு முதல் தகவல் போக வேண்டும். இதை மறந்தவருக்காக மீட்புக் குழு இரவில் மலையேறும்.

காலணியையும் நீரில் நனைந்த எல்லாவற்றையும் சேறு போகக் கழுவி, நீரை வடித்து, முற்றிலும் காயவையுங்கள். ஒரு நீர்நிலையின் பாசியும் நோய்க்கிருமியும் ஈரமான காலணி வழியாகவே அடுத்த நீர்நிலைக்குப் போகின்றன. கம்பளி போன்ற அடிப்பகுதி கொண்ட நீர்க்காலணிகள் எளிதில் காய்வதில்லை. அதனால்தான் நியூசிலாந்து 2008இல் அவற்றைத் தடை செய்தது.

நரம்பின் கடைசி இரண்டு மீட்டரை விரல்களுக்கிடையே இழுத்துப் பாருங்கள். பாறையில் உரசிய சொரசொரப்பு தெரிந்தால் அதை வெட்டி, சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். நீளமாக விட்டால் ஏதேனும் ஒரு பறவையின் காலில் சுற்றும். ரீலின் பிடிமானத் திருகை முழுவதும் தளர்த்தி, முட்களை நன்னீரில் அலசி, பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து, இரவு முழுவதும் உலரவிடுங்கள்.